சவானா பக்கம் வேலை: ஜார்ஜியா மின்கார் ஆலைகளை நம்பிப் போகலாமா?

கொங்குமணி
3 ஜனவரி 2026, காலை 6:52

எல்லோருக்கும் வணக்கம். கோயம்புத்தூரில் சின்னதாக ஒரு பம்ப் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். இந்த இழை என் அக்கா பையனுக்காக. அமெரிக்காவில் எம்.எஸ். மெக்கானிக்கல் படித்து டிசம்பரில்தான் முடித்தான். கையில் இரண்டு ஆஃபர். ஒன்று ஒஹாயோவில் ஒரு பம்ப் கம்பெனி. இன்னொன்று ஜார்ஜியாவில் சவானா பக்கம், ஹூண்டாய் மின்கார் ஆலைக்கு சீட் ஃபிரேம் செய்து கொடுக்கும் ஒரு சப்ளையர். சவானாவில் வருஷத்துக்கு ஆறாயிரம் டாலர் கூடுதல். பையனுக்கு மனசு முழுக்க அங்கேதான். அக்கா தினமும் ராத்திரி எனக்கு போன் போட்டு "நீதானே இரும்பு தெரிஞ்சவன், சொல்லு" என்கிறாள்.

எனக்கு இரும்பு தெரியும், ஜார்ஜியா தெரியாது. ஒரு நாள் செய்தியில் அந்தப் பக்கம் முழுக்க "பேட்டரி பெல்ட்" என்கிறார்கள். மறுநாள் மின்காருக்குக் கொடுத்த வரிச்சலுகை போச்சு என்கிறார்கள். செப்டம்பரில் கொரியாக்காரர்களைக் கையில் விலங்கு, காலில் சங்கிலி போட்டு அழைத்துப் போனதை டிவியில் பார்த்தேன். இதில் எதை நம்புவது? அங்கே இருப்பவர்கள் சொன்னால் புண்ணியம்.


சவானாவாசி
3 ஜனவரி 2026, காலை 8:15

மணி அண்ணா, நான் பூலரில் இருக்கிறேன். சவானாவை ஒட்டிய ஊர். துறைமுகச் சரக்கு வேலையில் பதினோரு வருஷம்.

முதலில் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். ஐ-16 நெடுஞ்சாலையில் எல்லபெல் பக்கம் முன்பெல்லாம் ரெண்டு பக்கமும் பைன் மரம்தான். ஒரு பெட்ரோல் பங்க், ஒரு சர்ச், அவ்வளவு. இப்போது அதே இடத்தில் 280-ஆம் சாலைத் திருப்பத்தில் ஷிப்ட் மாறும் நேரம் வண்டி நகராது. ஏறத்தாழ 3,000 ஏக்கரில் வெள்ளைச் சுவர் நீண்டுகொண்டே போகும். அது தாளில் இருக்கும் ஆலை இல்லை. 2024 அக்டோபரிலேயே ஐயானிக் 5 கார் வெளிவரத் தொடங்கிவிட்டது. 2025 மார்ச்சில் முறைப்படி திறந்தார்கள்.

இந்த இடத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. எங்கள் பக்கம் கார் ஆலை வருகிறது என்று சொல்லி ஏமாந்தது முதல் தடவை இல்லை. 2002-ல் டைம்லர்-கிரைஸ்லர் பூலரில் வேன் செய்யப்போவதாக அறிவித்து அடுத்த வருஷமே கைவிட்டது. 2015-ல் வோல்வோ இந்த பிரையன் கவுண்டி (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) நிலத்தைப் பார்த்துவிட்டு தென் கரோலினாவுக்குப் போனது. 2021-ல் மாநில அரசும் நாலு கவுண்டிகளும் சேர்ந்து 2,284 ஏக்கரை 6.1 கோடி டாலருக்கு வாங்கிப் போட்டு, "யாராவது வாருங்கள்" என்று காத்திருந்தார்கள். 2022 மே மாதம் ஹூண்டாய் வந்தது. அதனால் இங்கே பழைய ஆட்களிடம் ஆலை வருகிறது என்று சொன்னால், "கூரை போட்டுட்டானா?" என்றுதான் கேட்பார்கள். இங்கே கூரை போட்டாயிற்று.


ஒத்தையடிப்பாதை
3 ஜனவரி 2026, காலை 9:40

கூரை போட்டது யார் காசில் என்று கேளுங்கள். மாநிலமும் உள்ளூர் அமைப்புகளும் கொடுத்த சலுகை 180 கோடி டாலர். நிலம், சாலை, சொத்துவரித் தள்ளுபடி எல்லாம் சேர்த்து. ஊர்க்காசில் தேர் இழுத்து, சாமி கம்பெனி வாசலில் நிற்கிறது.


கணக்கப்பிள்ளை
3 ஜனவரி 2026, காலை 10:05

ஒத்தையடிப்பாதை சொன்ன தொகை சரி. கணக்கை முழுசாகப் போடுவோம். 2022-ல் அறிவித்தபடி முதலீடு 554 கோடி டாலர், வேலை 8,100, வருஷத்துக்கு 3 லட்சம் வண்டி. 180 கோடியை 8,100-ஆல் வகுத்தால் ஒரு வேலைக்கு 2 லட்சத்து 22 ஆயிரம் டாலர் சலுகை. ஆண்டுச் சராசரிச் சம்பளம் 58 ஆயிரத்துச் சொச்சம் தருவதாகச் சொன்னார்கள். அதாவது ஒரு ஆளின் நாலு வருஷச் சம்பளத்துக்குக் கொஞ்சம் குறைவு.

சொன்ன வேலையும் முதலீடும் வராவிட்டால் சலுகையைத் திரும்பக் கேட்கும் ஷரத்து ஒப்பந்தத்தில் இருக்கிறது. பிறகு எல்ஜி எனர்ஜி சொல்யூஷனுடன் சேர்ந்து அதே வளாகத்தில் 430 கோடி டாலரில் பேட்டரி ஆலை என்று 2023 மே மாதம் அறிவித்தார்கள். வருஷத்துக்கு 30 கிகாவாட் மணி.

சலுகை அதிகமா குறைச்சலா என்பது தனிச் சண்டை. மணி சாருடைய கேள்விக்கு அது பதில் ஆகாது. ஆலை நிற்குமா என்பதுதான் கேள்வி.


மிச்சிகன்_மீனாட்சி
3 ஜனவரி 2026, மாலை 5:22

டெட்ராய்ட் பக்கம் பேட்டரி இன்ஜினியர், பதினாறு வருஷம். நான் ஜார்ஜியாவை மட்டும் பார்க்க மாட்டேன். சுற்றியுள்ள மாநிலங்களோடு சேர்த்துப் பார்த்தால்தான் பையனுக்கு நிலவரம் புரியும். அங்கே பக்கத்துப் பக்கத்து வீட்டில் ஒன்றில் கல்யாணம், இன்னொன்றில் சாவு.

டென்னசியில் ஸ்டான்டன் என்று பருத்திக்காட்டு ஊர். 2021 செப்டம்பரில் ஃபோர்டும் கொரியாவின் எஸ்கே-யும் சேர்ந்து டென்னசி, கென்டக்கி இரண்டுக்கும் மொத்தம் 1,140 கோடி டாலர் அறிவித்தன. டென்னசியில் மின் டிரக் ஆலையும் பேட்டரி ஆலையும், கென்டக்கியின் கிளெண்டேலில் இரட்டைப் பேட்டரி ஆலை. கிளெண்டேலில் முதல் ஆலை 2025 ஆகஸ்டில்தான் ஓடத் தொடங்கியது. அந்த டிசம்பரில் கூட்டு முறிந்தது. கென்டக்கி ஃபோர்டுக்கு, டென்னசி பேட்டரி ஆலை எஸ்கே-யின் பேட்டரிக் கம்பெனியான எஸ்கே ஆனுக்கு என்று பாகம் பிரித்துக்கொண்டார்கள். ஃபோர்டு 1,950 கோடி டாலர் இழப்பைக் கணக்கில் எழுதியது. எஃப்-150 லைட்னிங் முழு மின் டிரக்கை நிறுத்தியது. ஸ்டான்டன் டிரக் ஆலை 2029-லிருந்து பெட்ரோல் டிரக் செய்யுமாம். கிளெண்டேல் இனி மின்கட்டமைப்புக்கும் டேட்டா சென்டருக்குமான சேமிப்பு பேட்டரி செய்யும். நடுவில் அங்கே இருந்த சுமார் 1,600 பேருக்கு வேலை போயிற்று. அந்தத் தொழிலாளர்கள் அதற்கு நாலே மாசம் முன்புதான் யூனியன் வேண்டுமா வேண்டாமா என்று ஓட்டுப் போட்டு, 526-க்கு 515 என்று இழுபறியில் நின்றார்கள்.

தென் கரோலினா, ஃபுளோரன்ஸில் பிஎம்டபிள்யூவுக்கு பேட்டரி செல் செய்ய ஏஇஎஸ்சி என்ற கம்பெனி கட்டிக்கொண்டிருந்த ஆலை 2025 ஜூனில் பாதியில் நின்றது. ஜார்ஜியாவிலேயே கொவெட்டா கவுண்டியில் ஃப்ரேயர் கம்பெனி 260 கோடி டாலர் பேட்டரி ஆலையை அறிவித்துவிட்டு 2025 பிப்ரவரியில் கைகழுவியது.

இது ஒரு பக்கம். வட கரோலினாவின் லிபர்டியில் டொயோட்டா 1,390 கோடி டாலர் பேட்டரி ஆலையை 2025 நவம்பரில் ஓட்டத் தொடங்கிவிட்டது. ஆரம்பத்தில் பெரும்பாலும் ஹைப்ரிட் காருக்கான, அதாவது பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்து ஓட்டும் காருக்கான பேட்டரி. டொயோட்டாவை ஐந்து வருஷமாக எல்லோரும் "பின்தங்கிவிட்டான்" என்று திட்டினோம். நானும் திட்டினேன்.


செங்கல்பட்டான்
3 ஜனவரி 2026, இரவு 9:11

அதே 2021 செப்டம்பரில்தான் ஃபோர்டு மறைமலைநகரில் கார் செய்வதை நிறுத்துவதாகச் சொன்னது. 9-ஆம் தேதி இங்கே மூடுவிழா அறிவிப்பு, 27-ஆம் தேதி அங்கே 1,140 கோடி. பதினெட்டே நாள். அன்றைக்கு நாங்கள் டீக்கடையில் இதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம். இப்போது டென்னசியில் பெட்ரோல் டிரக். மறைமலைநகரில் 2029-லிருந்து இன்ஜின் செய்ய 3,250 கோடி ரூபாய்க்கு 2025 அக்டோபரில் ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். ரெண்டு ஊருக்கும் 2029. சக்கரம் எப்படிச் சுற்றுகிறது பாருங்கள்.

மணி அண்ணா, நான் 19 வருஷம் சப்ளையர் கம்பெனிகளில் டை மெயின்டனன்ஸ். பெயர் வேண்டாம். ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன். நான் இருந்த ஒரு கம்பெனியில் ஆறு பிரஸ் இருந்தது. ஆறுமே ஒரே மாடலுக்கு. அந்த மாடல் நின்ற அன்று மதியம் கேன்டீனில் சாம்பார் மிஞ்சியது. பாதிப் பேர் சாப்பிடாமலே போய்விட்டார்கள். பக்கத்துக் கம்பெனியில் அதே அளவு பிரஸ், ஆனால் டிராக்டருக்கும் லாரிக்கும் கூட அடித்துக் கொடுத்தார்கள். அது இன்றும் ஓடுகிறது. உங்கள் பையன் ஹூண்டாய் நிற்குமா என்று கேட்க வேண்டாம். அந்த சீட் ஃபிரேம் எந்தெந்த வண்டிக்குப் போகிறது என்று கேட்கச் சொல்லுங்கள்.


கொங்குமணி
4 ஜனவரி 2026, காலை 6:30

செங்கல்பட்டான் சார், அந்த சாம்பார் வரியைப் படித்துவிட்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். 2009-ல் எங்கள் ஒர்க்‌ஷாப்பிலும் அப்படி ஒரு மதியம் உண்டு.

கேள்வி எழுதிக்கொண்டேன். மீனாட்சி மேடம், ஹூண்டாய் மட்டும் எப்படித் தப்பும்?


மிச்சிகன்_மீனாட்சி
4 ஜனவரி 2026, காலை 8:02

தப்பும் என்று சொல்ல நான் ஜோசியக்காரி இல்லை. ஆனால் அவர்கள் நடந்துகொண்ட விதம் வேறு.

2022 மே மாதம் ஆலையை அறிவித்தார்கள். மூணே மாசத்தில், ஆகஸ்ட் 16 அன்று, பைடன் பணவீக்கக் குறைப்புச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அதில் 7,500 டாலர் வரிச்சலுகை வட அமெரிக்காவில் கோர்த்த மின்காருக்கு மட்டும். கொரியாவிலிருந்து கப்பலில் வந்த ஐயானிக் 5-க்கு அன்றைக்கே சலுகை போச்சு. அதனால்தான் அவ்வளவு அவசரமாகக் கட்டினார்கள். 2025 ஜனவரியில் ஜார்ஜியா காருக்குச் சலுகை கிடைத்தது. ஜூலை 4 அன்று டிரம்ப் போட்ட சட்டத்தில் செப்டம்பர் 30-ஓடு சலுகையே முடிந்தது. ஒன்பது மாசம்! இத்தனை ஓட்டம் ஒன்பது மாசத்துக்கு.

அப்படியும் ஆலையை மூடவில்லை. காரணம் ரெண்டு. கொரியாவிலிருந்து வரும் காருக்கு 2025 ஏப்ரலில் 25 சதவீத இறக்குமதி வரி வந்தது. அப்புறம் பேசி 15 ஆகக் குறைத்தார்கள். 15 என்றாலும் அங்கேயே செய்வது லாபம். இரண்டாவது, மெட்டாபிளான்ட்டில் (ஹூண்டாயின் இந்த சவானா ஆலைக்கு அதுதான் பெயர்) ஹைப்ரிட்டும் செய்வோம் என்று சலுகை போவதற்கு முன்பே திட்டம் மாற்றிவிட்டார்கள். வருஷத்துக்கு 3 லட்சத்தை 5 லட்சம் வண்டியாக்குவது இலக்கு. சலுகை போன மறுநாள் ஐயானிக் 5-இன் 2026 மாடல் விலையை 9,800 டாலர் வரை குறைத்தார்கள். லாபத்தைக் கடித்துக்கொண்டு லைனை ஓட்டுகிறார்கள். எத்தனை நாள் கடிப்பார்கள் என்பது வேறு விஷயம்.

நாட்டு நிலவரமும் சொல்லிவிடுகிறேன். சலுகை முடியப் போகிறது என்று எல்லோரும் ஓடிப்போய் வாங்கியதால் 2025 மூன்றாம் காலாண்டில் விற்ற புதுக்கார்களில் பத்துக்கு ஒன்றுக்கும் மேல் மின்கார். அடுத்த காலாண்டில் தொப்பென்று விழுந்தது. தீபாவளிக்கு மறுநாள் ஜவுளிக்கடை மாதிரி.


கணக்கப்பிள்ளை
4 ஜனவரி 2026, காலை 9:17

மீனாட்சி மேடம் சொன்னது காரை வாங்குபவருக்கான சலுகை. செய்பவருக்கான சலுகை இன்னும் இருக்கிறது, அதை யாரும் பேசுவதில்லை. அமெரிக்காவில் செய்யும் பேட்டரி செல்லுக்கு ஒரு கிலோவாட் மணிக்கு 35 டாலர் வரிக்கழிவு. எல்லபெல் பேட்டரி ஆலை 30 கிகாவாட் மணி முழுசாக ஓடினால், மூன்று கோடி கிலோவாட் மணி. 35-ஆல் பெருக்கினால் வருஷத்துக்கு 105 கோடி டாலர். 430 கோடி போட்ட ஆலைக்கு! புதுச் சட்டத்திலும் இது 2029 வரை முழுசாக உண்டு, 2030-லிருந்து படிப்படியாகக் குறைந்து 2033-ல் இல்லாமல் போகும். சீனாவோடு தொடர்புள்ள கம்பெனிகளுக்கும் சரக்குக்கும் கட்டுப்பாடு கடுமை.

ஆகவே பேட்டரி ஆலைக்காரன் 2029-க்குள் எவ்வளவு செல் செய்கிறானோ அவ்வளவு காசு. காருக்கு விற்காவிட்டால் சேமிப்பு பேட்டரியாகவாவது ஓட்டுவான். கிளெண்டேலில் நடப்பது இதுதான்.


ஒத்தையடிப்பாதை
4 ஜனவரி 2026, காலை 9:50

ஆக மொத்தம் வரி கட்டுபவன் காசு. ரெண்டு பக்கமும்.


ஹெச்1பி_ஏக்கம்
4 ஜனவரி 2026, மதியம் 12:33

எல்லாம் சரி. மெட்டாபிளான்ட்டில் ரெய்டு நடந்ததே, அதைச் சொல்லுங்கள். விசா பையனுக்கு அங்கே போவது நெருப்போடு விளையாட்டு.


சவானாவாசி
4 ஜனவரி 2026, மதியம் 2:10

கார் லைனில் நடக்கவில்லை. அதே வளாகத்தில் கட்டிக்கொண்டிருந்த எல்ஜி-ஹூண்டாய் பேட்டரி ஆலையின் கட்டுமான இடத்தில். 2025 செப்டம்பர் 4, வியாழக்கிழமை. 475 பேரைப் பிடித்தார்கள், அதில் 300-க்கு மேல் கொரியர்கள். ஹூண்டாயின் நேரடி ஊழியர் யாரும் அதில் இல்லை என்று கம்பெனி சொன்னது. ஒரு வாரம் கழித்து அட்லாண்டாவிலிருந்து தனி விமானத்தில் அவர்கள் சியோல் போனார்கள்.

அந்த வாரம் பூலரில் இருக்கும் கொரியக் கடைகளைப் பார்த்திருக்க வேண்டும். வழக்கமாக மதியம் ஹெல்மெட், வெஸ்ட் போட்ட ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். அன்று ஒரு கடையில் கல்லாவில் இருந்த அம்மா, வெளியே பார்க்கிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொட்டலம் கட்டும்போது ஒன்றுக்கு ரெண்டாகப் பஜ்ஜி மாதிரி ஏதோ வைத்தார், காசு வாங்கவில்லை. மிஞ்சியது போல.


மிச்சிகன்_மீனாட்சி
4 ஜனவரி 2026, மாலை 6:48

அவர்கள் ஏன் அங்கே இருந்தார்கள் என்பதைப் புரிந்துகொள்ளாமல் நிறையப் பேர் "அமெரிக்கன் வேலையைப் பறித்தார்கள்" என்று எழுதினார்கள். அதனால் செல் எப்படிச் செய்கிறார்கள் என்று கொஞ்சம் சொல்கிறேன்.

தோசைதான். உண்மையாகவே. வேதிப்பொடியை ஒரு கரைப்பானில் கலந்து மாவு மாதிரிக் கரைப்பார்கள். அதை நேர்மின்முனைக்கு அலுமினியத் தகட்டிலும் எதிர்மின்முனைக்குச் செம்புத் தகட்டிலும் ஊற்றி இழுப்பார்கள். தகடு மனித முடியை விட மெல்லிசு. நிமிஷத்துக்குப் பல பத்து மீட்டர் ஓடும். மாவு ஒரு ஓரத்தில் கொஞ்சம் கனத்தால் போதும், அந்தச் சுருள் குப்பைக்கு. அப்புறம் நீள அடுப்பில் காயவைத்து, உருளைகளுக்கு நடுவே அழுத்தி, வெட்டி, அடுக்கி, மின்பகுதிரவம் ஊற்றி மூடுவார்கள். திரவம் ஊற்றும் அறையில் காற்றில் ஈரமே இருக்கக் கூடாது. சவானா மாதிரி வியர்த்து ஊற்றும் ஊரில் அந்த அறையைக் காய்ந்த நிலையில் வைப்பதே பெரிய பாடு. கடைசியில் முதல் சார்ஜ், சில வாரம் ஊறப்போட்டுப் பார்ப்பது.

புது ஆலையில் முதல் மாசங்களில் எடுப்பதில் பெரும்பங்கு கழிவுதான். அதைச் சரிசெய்வது புத்தகத்தில் இல்லை. மெஷின் செய்த கொரியக் கம்பெனியின் ஆள் வந்து, திருகைக் கால் சுற்று திருப்பி, மறுபடி ஓட்டி, மறுபடி திருப்பித்தான் வரும். இந்த மாதிரி ஆறு மாசம் வந்து போகிறவருக்குத் தோதான விசா அமெரிக்காவில் கிடையாது. வியாபாரப் பயண விசாவில், விசா இல்லாமல் வரும் 90 நாள் அனுமதியில் என்று வந்தார்கள். ஒரு பக்கம் மாநில அரசு வா என்கிறது, இன்னொரு பக்கம் மத்திய அரசு விலங்கு போடுகிறது. ரெய்டால் ஆலை திறப்பு குறைந்தது ரெண்டு மூணு மாசம் தள்ளும் என்று ஹூண்டாய் தலைமை அதிகாரி ஹோசே முன்யோஸ் அப்போதே சொன்னார்.

ஏக்கம் தம்பி, படிப்பு முடித்தவர் வேலை பார்க்கக் கிடைக்கும் ஓபிடி அனுமதி வேறு விஷயம். முதல் 12 மாசம், அப்புறம் ஸ்டெம் (அறிவியல், பொறியியல் மாதிரி) படிப்புக்கு இன்னும் 24 மாசம். அந்த 24-க்கு கம்பெனி, ஆளுக்கு வேலை அனுமதி உண்டா என்று அரசிடம் சரிபார்க்கும் இ-வெரிஃபை முறையில் பதிந்திருக்க வேண்டும். சப்ளையர் பதிந்திருக்கிறதா என்று முதலில் கேட்கட்டும்.


ஹெச்1பி_ஏக்கம்
4 ஜனவரி 2026, இரவு 7:30

திருத்தத்துக்கு நன்றி சவானாவாசி. ஹெச்1பி வேலை விசாவுக்கான லட்சம் டாலர் கட்டணம் பற்றி மீனாட்சி அக்கா என்ன சொல்கிறீர்கள்?


மிச்சிகன்_மீனாட்சி
4 ஜனவரி 2026, இரவு 7:41

2025 செப்டம்பரில் வந்த அந்த ஒரு லட்சம் டாலர் கட்டணம், உள்ளேயே மாணவராக இருந்து நிலை மாறுபவருக்குப் பொருந்தாது என்று அக்டோபரில் குடியேற்றத் துறை விளக்கம் கொடுத்தது. நாளைக்கு மாறினால் நான் பொறுப்பில்லை. கம்பெனியின் வக்கீலிடம் எழுத்தில் வாங்குவது நல்லது.


செங்கல்பட்டான்
4 ஜனவரி 2026, இரவு 10:20

சப்ளையருக்கு யூனியன் இருக்கிறதா? இங்கே சீட் கம்பெனி என்றால் வேலை நேரம் நம் கையில் இல்லை. கார் பெயின்ட் ஷாப்பை விட்டு வந்ததும், இன்ன வண்டிக்கு இன்ன கலர் சீட் என்று செய்தி வரும். சில மணி நேரத்துக்குள் அதே வரிசையில் லாரி போய் நிற்க வேண்டும். ஒரு சீட் முன்பின்னாகிப் போனால் லைன் நிற்கும். நின்ற நிமிஷத்துக்கெல்லாம் பில் வரும்.


சவானாவாசி
5 ஜனவரி 2026, காலை 7:05

இங்கே யூனியன் பேச்சையே மெதுவாகத்தான் பேசுவார்கள். தெற்கு மாநிலங்களில் யூனியன் சந்தாவைக் கட்டாயமாக்க முடியாது என்று சட்டம். கம்பெனிகள் இங்கே வர அதுவும் ஒரு காரணம். டென்னசியின் சட்டனூகாவில் ஃபோக்ஸ்வாகன் தொழிலாளர்கள் 2024 ஏப்ரலில் 2,628-க்கு 985 என்று ஓட்டுப் போட்டு யூனியனைக் கொண்டுவந்தார்கள். அடுத்த மாசமே அலபாமா மெர்சிடிஸ் ஆலையில் தோற்றது. ஜார்ஜியாவில் அந்தக் காற்று இன்னும் வரவில்லை.

செங்கல்பட்டான் அண்ணா சொன்ன சீட் கதைதான் இங்கேயும். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு சப்ளையரிடம் லாரி ஓட்டுகிறார். அவருக்கு ஞாயிற்றுக்கிழமை சர்ச் கூட நிச்சயம் கிடையாது. ஆனால் வீடு வாங்கிவிட்டார். ரெண்டும் உண்மை.

இன்னொன்று, வாடகை. 2020 கணக்கெடுப்பில் பிரையன் கவுண்டி முழுக்க 45 ஆயிரம் பேர்கூட இல்லை. அங்கே 8,000 வேலை இறங்கினால் என்ன ஆகும்? ரெண்டு படுக்கையறை வீட்டுக்கு என் கண்ணெதிரே விலை ஏறியது. பையனின் ஆறாயிரம் டாலர் கூடுதலில் நாலாயிரம் அங்கே போய்விடும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரும் பேச்சாக இருக்கிறது. ஆலைக்கும் சுற்றுப்புறத்துக்கும் பக்கத்து புல்லக் கவுண்டியில் நாலு ஆழ்கிணறு. தினம் 66 லட்சம் காலன் வரை எடுக்கலாம் என்று அனுமதி. நிலத்தடியில் ஃபுளோரிடன் என்ற பெரிய நீர்ப்படுகை. அதே தண்ணீரில் கடலையும் பருத்தியும் போடும் விவசாயிகளுக்கு வயிற்றில் புளி. நம் ஊரில் போர் போட்டவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.


ஒத்தையடிப்பாதை
5 ஜனவரி 2026, காலை 8:44

நன்றி, நான் எழுத வேண்டியதை நீங்களே எழுதிவிட்டீர்கள். ரிவியன் என்ற மின்வண்டிக் கம்பெனியை விட்டுவிட்டீர்களே? அட்லாண்டாவுக்குக் கிழக்கே 2021 டிசம்பரில் 500 கோடி டாலர், 7,500 வேலை, வருஷத்துக்கு 4 லட்சம் வண்டி என்று அறிவித்தார்கள். பண்ணை நிலத்தை மட்டம் தட்டி செம்மண் பொட்டலாக்கினார்கள். 2024 மார்ச்சில் "இப்போதைக்கு இல்லை" என்று நிறுத்தினார்கள். மத்திய அரசு 660 கோடி டாலர் கடன் ஒப்புக்கொண்ட பிறகு 2025 செப்டம்பரில் பூமி பூஜை. 2028-ல் வண்டி வருமாம். வின்ஃபாஸ்ட் வட கரோலினாவில் 2022-ல் 7,500 வேலை சொன்னது. அதுவும் 2028-க்குத் தள்ளிப் போயிருக்கிறது.


செங்கல்பட்டான்
5 ஜனவரி 2026, காலை 9:12

அந்த வின்ஃபாஸ்ட் தூத்துக்குடியில் 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டி, 2025 ஆகஸ்ட் 4 அன்று ஆலையையே திறந்துவிட்டது. பதினெட்டு மாசம்கூட ஆகவில்லை. வட கரோலினாவில் அறிவித்தது அதற்கு ரெண்டு வருஷம் முன்னால். தொடக்கத்தில் வருஷத்துக்கு 50 ஆயிரம் கார்தான், பெரிய ஆலை இல்லை. ஆனாலும் கூரை போட்டுட்டான்.


சவானாவாசி
5 ஜனவரி 2026, காலை 9:30

:) ஒத்தையடிப்பாதை, ரிவியன் நிலத்தில் அந்த ஊர்க்காரர்கள் கோர்ட் வரை போனார்கள், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் ஆலைக்கு வக்காலத்து இல்லை. வாடகை கட்டுபவன்.


மட்டுறுத்துநர்
5 ஜனவரி 2026, காலை 11:00

ஒரு வேண்டுகோள். டெஸ்லா முதலாளியைப் பற்றிய ஒன்பது பதிவுகளை வேறு இழைக்கு மாற்றியிருக்கிறேன். இந்த இழையில் அவருக்கு வேலை இல்லை.


மிச்சிகன்_மீனாட்சி
5 ஜனவரி 2026, மாலை 6:15

மணி சார், நான் பையன் இடத்தில் இருந்தால் மூணு விஷயம் கேட்பேன். ஃபிரேம் எந்த மாடல்களுக்குப் போகிறது, அதில் ஹைப்ரிட் உண்டா என்பது ஒன்று. இ-வெரிஃபை. அப்புறம் வெல்டிங் ரோபோவை புரோகிராம் செய்ய அவனை விடுவார்களா, அல்லது எக்செல் ஷீட்டோடு உட்கார வைப்பார்களா. மூணாவதுதான் எனக்கு முக்கியம். சீட் ஃபிரேமில் வெல்டிங் கற்றவனுக்கு அது மின்காரா பெட்ரோல் காரா என்று கவலை இல்லை. மறுபடி வேலை தேட வந்தாலும், தெற்கில் வெஸ்ட் பாயின்டில் கியா 2009-லிருந்து இருக்கிறது, மாண்ட்கோமரியில் ஹூண்டாய் 2005-லிருந்து, ஸ்பார்டன்பர்க்கில் பிஎம்டபிள்யூ 1994-லிருந்து. இவை மின்காருக்கு முன்பே வந்தவை. கியா இப்போது அதே ஆலையில் பெட்ரோல் டெல்லுரைடும் மின்சார இவி9-ம் செய்கிறது.

பம்ப் கம்பெனியும் கெட்டதில்லை. தண்ணீர் எப்போதும் ஏறத்தான் வேண்டும்.


கொங்குமணி
9 ஜனவரி 2026, இரவு 9:48

தாமதத்துக்கு மன்னிக்கவும், ஒரு காஸ்டிங் லோடு திரும்பி வந்துவிட்டது, நாலு நாள் அதோடு.

பையன் கேட்டான். ஃபிரேம் ரெண்டு மாடலுக்குப் போகிறது, ரெண்டும் இப்போது மின்கார். ஹைப்ரிட் மாடல் வரும்போது அதற்கும் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார்கள், ஆர்டர் இன்னும் கையில் இல்லை என்று அந்த மேனேஜர் மறைக்காமல் சொன்னாராம். இ-வெரிஃபை இருக்கிறது. மூணாவது கேள்விக்கு அந்த மனுஷன் சிரித்துவிட்டு, "எங்களிடம் ரோபோ 14, அதைத் தெரிந்த ஆள் 3. நீ வந்தால் வீட்டுக்கே போக மாட்டாய்" என்றாராம். இவன் அங்கேயே சரி சொல்லிவிட்டான்.

மறைக்காமல் சொன்ன மேனேஜர் என்பதால் நானும் தலையாட்டினேன். அக்காவுக்கு ரெய்டு நடந்தது வேறு கட்டிடம் என்று மூணு தடவை சொன்னேன். மூணு தடவையும் "பக்கத்துக் கட்டிடம்தானே" என்றாள். ஓபிடி தாள், பாஸ்போர்ட் நகல் எல்லாம் எப்போதும் பையில் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறாள். அதில் தப்பில்லை.

இனி சில்லறைக் கேள்வி. பிப்ரவரி 2 சேர வேண்டும். வீடு பூலரிலா ஸ்டேட்ஸ்பரோவிலா? பஸ் இருக்கிறதா? கார் வாங்கப் போகிறான், பட்ஜெட் ஏழாயிரம் டாலர். மின்கார் எதுவும் அந்த விலைக்குச் சரிப்படாது என்று பழைய பெட்ரோல் கொரோலா பார்த்து வைத்திருக்கிறான்.


சவானாவாசி
9 ஜனவரி 2026, இரவு 11:02

கொரோலாவே வாங்கட்டும் அண்ணா. பஸ்ஸை எல்லாம் நம்ப முடியாது.

ஸ்டேட்ஸ்பரோ வாடகை குறைச்சல், யுனிவர்சிட்டி ஊர், பையனுக்குப் பேச்சுத்துணைக்கு மாணவர்கள் உண்டு. பூலரில் இந்தியக் கடை பக்கம், ஆனால் வாடகை கடி. முதல் ஆறு மாசத்துக்கு ஸ்டேட்ஸ்பரோ என்பேன். காலை ஷிப்ட் என்றால் 280 திருப்பத்தை ஐந்தரைக்கு முன் தாண்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் நம் ரெண்டு பேர் பேச்சும் அவன் காதில் விழாது, ஹாரன் மட்டும்தான்.

மார்ச்சில் ஒரு குட்டிப் பூச்சி வரும், கண்ணுக்கே தெரியாது, கடித்தால் கொசு தேவலை. ஓடோமாஸ் ரெண்டு ட்யூப் அக்காவை அனுப்பச் சொல்லுங்கள். வந்ததும் எனக்குத் தனிமடல் போடட்டும், முதல் ஞாயிறு சாப்பாடு எங்கள் வீட்டில்.